வேணியின் வேலை போன கதை

1. போனில் வந்த வீடியோ

அன்று காலை லேபில் எண்ணெய் மாதிரியைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். பாய்லர் பக்கமிருந்து வந்த பையன் ஒருவன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அண்ணே, நம்ம வேணி அக்கா! பாத்தீங்களா? எல்லா குரூப்லயும் ஓடுது."

செர்டாங்கிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஆயில் மில் அது. நான் அங்கே லேப் உதவியாளர். தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. வேணி மில் வாசலில், பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் வேபிரிட்ஜில் கிளார்க். நாற்பது வயது இருக்கும். கணவர் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. மகள் தர்ஷினியோடு தோட்டத்து லயத்தில், கம்பெனி கொடுத்த வரிசை வீடொன்றில் இருந்தாள். வேணிக்குப் பெரிய குரல். வேபிரிட்ஜ் ஜன்னலில் இருந்து அவள் நம்பர் பிளேட்டைச் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையில் கடைசி லோரிக்காரருக்கும் கேட்கும். மைக் எதற்கு என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

மாநிலத் தேர்தல் நேரம் அது. முந்தின நாள் சாயங்காலம் செர்டாங் பசார் பக்கம் செராமா நடந்தது. அரசியல் கூட்டத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஆளுங்கட்சி வேட்பாளர் பேசி முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றிருக்கிறார். வேலை முடிந்து மில் சட்டையோடு நேராக அங்கே போயிருந்த வேணி எழுந்து நின்றிருக்கிறாள்.

வீடியோவில் அவள் கையில், காலையிலேயே பையில் எடுத்துப்போன மகளின் பள்ளிக்கூடச் சட்டை. வெள்ளையாக இருக்கவேண்டியது தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அரசியல் தலைவர்களை இங்கே மரியாதையாகக் கூப்பிடும் 'ஒய்பி'யில் தொடங்கினாள்.

"ஒய்பி, அரசாங்கத் தண்ணிக் குழாய் எங்க தோட்டத்து வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ள மட்டும் வர மாட்டேங்குது. நாங்க இன்னும் குட்டைத் தண்ணியிலதான் தொவைக்கிறோம், அதத்தான் குடிக்கிறோம். எம்மக இதப் போட்டுட்டுப் போனா டீச்சர் ஏசுறாங்க. போன தேர்தல்லயும் ஓட்டுப் போட்டோம். இன்னும் எத்தன தேர்தல் வேணும்?"

கூட்டம் கைதட்டியது. வேட்பாளர் "பார்க்கிறேன்மா" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் வீடியோ. ராத்திரியோடு ராத்திரியாக எதிர்க்கட்சிக்காரர்கள் அதை எடுத்து, தங்கள் சின்னத்தை ஒட்டி ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். வேணியை யாரும் கேட்கவில்லை.

2. ஒரு வார்த்தை சொன்னால் போதும்

மத்தியானம் மேனேஜர் வேணியைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். மேனேஜர் நம் தமிழ் ஆள்தான், கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குப் பயந்தவர்.

"ஏம்மா, தண்ணிப் பிரச்சனைன்னா எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே? கம்பெனி சட்டையப் போட்டுக்கிட்டு அரசியல் பேசணுமா?"

"சொன்னேனே சார். மேல எழுதியிருக்கேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறமும் வந்து கேட்டேன். அப்பவும் அதேதான் சொன்னீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க லா. ஒரு வழி இருக்கு. நீ இன்னொரு வீடியோ போடு. எதிர்க்கட்சிக்காரங்கதான் என்னையத் தூண்டிவிட்டாங்க, தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை. அதோட விஷயம் முடிஞ்சிடும். நான் பேசிக்கிறேன்."

வேணி எழுந்து வந்துவிட்டாள். வேபிரிட்ஜுக்குப் போகும் வழியில் நான்தான் பேச்செடுத்தேன்.

"யோசிச்சுப் பாரும்மா. வேலை போனா வீடும் போகும். தர்ஷினிக்கு இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை."

"தெரியும் அண்ணே. மில் சட்டையப் போட்டுட்டுப் போனதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க, கேக்குறேன். ஆனா என்னைய யாரும் தூண்டிவிடல. நானாத்தான் கேட்டேன். எம்மக சட்டையத் தூக்கிக் காட்டிட்டு, இப்ப அது பொய்யின்னு சொன்னா, அவ மொகத்த எப்படிப் பாக்குறது?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அந்த வாரக் கடைசியில், விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் வந்தது. கம்பெனிச் சீருடையில் அரசியல் கூட்டத்தில் பேசியது ஒன்று, கம்பெனியின் பெயரைக் கெடுத்தது இன்னொன்று. இரண்டு குற்றச்சாட்டு. தோட்டமும் மில்லும் ஒரே கம்பெனி என்பதால், தோட்டத்துத் தண்ணீரைக் குறை சொன்னது கம்பெனியைக் குறை சொன்னதாயிற்று.

3. உள் விசாரணை

உள் விசாரணையை நாங்கள் டிஐ என்போம். குற்றம் சாட்டுவதும் கம்பெனி, சாட்சி கொண்டு வருவதும் கம்பெனி, தீர்ப்புச் சொல்வதும் கம்பெனி. பண்டார் பாரு பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேனேஜரைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். வேணிக்குத் துணையாக நான் உட்கார்ந்தேன்.

நான் கேட்டேன்: "சார், தேர்தல் வாரத்துல நம்ம மில் வாசல்ல ஆளுங்கட்சிக் கொடி கட்டியிருந்தது. வேட்பாளர் விருந்துக்கு நம்ம மில் லோரியில நாற்காலி போச்சு. அது அரசியல் இல்லையா?"

"அது நிர்வாக முடிவு. இங்க விசாரணை இவங்க மேல. வேற கேள்வி இருக்கா?"

பிறகு சாட்சியைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தது சல்மா. வேபிரிட்ஜில் வேணியோடு ஒரே அறையில் பல வருடமாக வேலை செய்த மலாய்ப் பெண். வேணியின் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு சல்மாவின் சோற்றுக்குப் போகும், சல்மாவின் சம்பால் வேணிக்கு வரும். நோன்பு மாதத்தில் சல்மாவின் எதிரே சாப்பிடக்கூடாது என்று வேணி லேபுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

வேலை நேரத்தில் வேணி அரசியல் பேசுவாளா என்று சல்மாவிடம் கேட்டார்கள். பேசுவாள் என்றாள். எந்தக் கட்சியைத் திட்டுவாள் என்றார்கள். சொன்னாள். சொன்னது பொய்யில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசுவார்கள். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை, சல்மாவும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. நான் சல்மாவைக் குறுக்கு விசாரணை செய்ய வாய் திறந்தேன். வேணி மேசைக்கு அடியில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் அண்ணே. அவ புருஷனும் இங்கதான் வேலை செய்யிறாரு."

வெளியே வந்தபோது சல்மா சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். வேணியைப் பார்த்ததும், "சாயா தாகுட், காக்" என்றாள். பயமாக இருக்கிறது அக்கா என்று அர்த்தம். வேணி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. மறு வாரம் வேலை நீக்கக் கடிதம் வந்துவிட்டது.

4. எந்தச் சட்டத்தில் இருக்கிறது

அரசியல் கருத்துக்காக ஆளை நீக்கக்கூடாது என்று நேராகச் சொல்லும் சட்டம் ஏதாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் கேட்டேன். தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு வரி கிடையாது, ஆனால் நியாயமான காரணம் இல்லாமல் யாரையும் நீக்கக்கூடாது என்று இருக்கிறது, அதைப் பிடித்துத்தான் போகவேண்டும் என்றார்கள். சட்டம் கொடுக்கும் அறுபது நாளுக்குள் அரசாங்கத் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்காவிட்டால் அந்தக் கதவும் சாத்தப்படும். உடனே கொடுத்தோம்.

இலாகாவில் சமரசப் பேச்சுக்கு அழைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு தொகை தருகிறோம், முடித்துக்கொள்வோம் என்றார்கள். வேணி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"எனக்கு வேலையக் குடுங்க. அது போதும்."

அதற்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான் ஏற்ற வேன் வந்த அன்று அக்கம்பக்கத்து வீடுகளில் கதவுகள் ஒருக்களித்தே இருந்தன. அதே தண்ணீரைக் குடித்தவர்கள்தான் எல்லாரும். வீடியோ வந்த அன்று அவளைக் கட்டிப்பிடித்தவர்கள்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் தர்ஷினியும் வேணியுமாக அலமாரியைத் தூக்கி ஏற்றினோம்.

செர்டாங்கில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குக் குடி போனார்கள். வேணி வேறு மில்களுக்கு விண்ணப்பித்தாள். வேபிரிட்ஜ் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. பெயரைச் சொன்னதும், "ஓ, அந்த வீடியோ அக்காவா" என்று சிரித்துப் பேசுவார்கள். பிறகு கூப்பிட மாட்டார்கள். கடைசியில் சாப்பாட்டுக் கடையொன்றில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. தர்ஷினி பரீட்சை எழுதினாள். மேற்படிப்புக்கு ஆறாம் படிவம் போகவில்லை. பினாங்குப் பக்கம் பேக்டரி வேலைக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போக வேணாம், படி என்று வேணி கெஞ்சியதை நான் பார்த்தேன். "அப்புறம் படிக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

சமரசம் ஆகாமல் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. தள்ளித் தள்ளிப் போட்டார்கள். இடையில் நான் ஓய்வு பெற்றேன். நாற்காலி ஏற்றிப் போன லோரி டிரைவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. எனக்கும் லயத்துலதான் வீடு" என்றார்.

பிறகு நானே கூண்டில் ஏறி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

5. ஜெயித்தோம்

தீர்ப்பு வேணிக்குச் சாதகமாக வந்தது. வேலை நேரம் முடிந்த பிறகு, தான் குடியிருக்கும் இடத்தின் குறையைத் தன் பிரதிநிதியாக வர இருப்பவரிடம் கேட்டது குற்றமல்ல. சீருடையோடு கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று கம்பெனி எந்த விதியும் போட்டிருக்கவில்லை. நீக்கியது நியாயமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பகுதியைச் சங்கத்து வக்கீல் மெதுவாக விளக்கினார். இத்தனை காலம் கடந்துவிட்டது, இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கை முறிந்துவிட்டது, ஆகவே திரும்ப வேலைக்கு அமர்த்தச் சொல்வதற்குப் பதில் இழப்பீடு.

வேணிக்குப் புரியவில்லை. நீதிமன்றத்து வாசலில் நின்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நான் தப்புப் பண்ணலன்னு சொல்லிட்டாங்கல்ல அண்ணே?"

"ஆமாம்மா."

"அப்ப திங்கக்கிழமை நான் போலாமா?"

"இல்லம்மா. காசு குடுப்பாங்க. வேலை குடுக்க மாட்டாங்க."

"தப்புப் பண்ணலன்னா ஏன் உள்ள விட மாட்டாங்க?"

வக்கீல் தன் பையைச் சரி செய்துகொண்டார். இத்தனை வருடம் சங்க வேலை பார்த்த நான், தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6. இளைஞர்கள் கேட்பது

மில்லில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சில பேர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பேஸ்புக்கில் போட்டால் வேலை போகுமா, கூட்டத்துக்குப் போனால் ஆபத்தா என்று. தெரிந்ததைச் சொல்கிறேன். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. வேலை நேரத்தில் வேண்டாம். கடிதம் வந்தால் அன்றைக்கே சங்கத்துக்கு வா. இதெல்லாம் சொல்லிவிட்டு, முக்கியமானதைக் கடைசியில் சொல்வேன். தனியாக எழுந்து நிற்காதே. அன்று பசாரில் வேணியோடு நம் தோட்டத்து ஆட்கள் இருபது பேர் எழுந்து நின்றிருந்தால் கம்பெனி யாரை நீக்கியிருக்கும்? சட்டம் வந்து சேர வருடக்கணக்காகும். பக்கத்தில் நிற்பவர் உடனே நிற்கலாம்.

"வழக்குல ஜெயிச்சீங்களா அங்கிள்?" என்று கேட்பார்கள். ஜெயித்தோம் என்றுதான் சொல்கிறேன்.

சென்ற மாதம் வேணியைப் பார்க்கப் போயிருந்தேன். தர்ஷினியும் லீவில் வந்திருந்தாள். அடுத்த தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. யார் நின்றால் பரவாயில்லை என்று நானும் தர்ஷினியும் பேசிக்கொண்டிருந்தோம்.

"நீ யாருக்கும்மா போடப்போற?" என்றாள் தர்ஷினி.

வேணி எழுந்து போனாள். கடைப் பக்கம் திறக்கும் ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் பதில் சொன்னாள்.