ஒரு குடத்து வில்

இதை எழுதலாமா, சாமி காரியத்தை நம் வாயால் பேசலாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். படிப்பும் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஊரில் இப்போது சொல்கிற கதை வேறு மாதிரி வளர்ந்து நிற்கிறது. வில்லை இழுத்தவன் நான். அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆமத்தூர்ப் பக்கம். விஜயதசமிச் சாயங்காலம் அம்மன் சப்பரம் ஊருக்கு வெளியே பொட்டலுக்கு வரும். அங்கே அசுரன் என்று ஒரு வாழையை நட்டிருப்பார்கள். அம்மனுக்காக அந்த வாழையில் அம்பு விடுவது எங்கள் வீட்டு முறை. பூசாரி சூடம் காட்டத் தொடங்கியதும் நாணை இழுக்க வேண்டும். சூடம் அணைந்த பிறகுதான் விட வேண்டும். அதற்குள் நழுவினாலோ, வாழையில் தைக்காமல் விழுந்தாலோ அந்த வருஷம் மழை இருக்காது என்பார்கள். மானாவாரிக் காடு வைத்திருக்கிற சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அப்பா காலமாகி வருஷம் திரும்பியதும் முறை எனக்கு வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியில் ஒரு வெடிக் கம்பெனியில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசன் உச்சத்தில்தான் விஜயதசமி வரும். நாளெல்லாம் சுத்தியல் பிடித்த தோள், சாயங்காலம் சட்டை கழற்றக்கூட யோசிக்கும்.

அப்பா விருதுநகரில் வத்தல் மூட்டை தூக்கியவர். அவருடைய வில் அவரைப் போலவே முரடு. எப்படியோ ஒரு தடவை நெஞ்சு வரை இழுத்துவிட்டேன். போதும் என்று நினைத்துவிட்டேன். வீட்டு அம்மன் படத்துக்கு என் மனைவி சூடம் ஏற்றியபோது மறுபடி இழுத்து நின்றேன். துண்டுச் சூடம் பாதிகூட எரியவில்லை, கை வெடவெடவென்று ஆடியது.

என் மைத்துனன் வாசலில் நின்று சிரித்தான். அவனும் எங்கள் கம்பெனியில்தான் பெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். "அத்தான், அசுரன் பயப்படுறானோ இல்லையோ, சப்பரம் தூக்குறவுக எல்லாம் ஓடிருவாக!"

"ஏலே மாப்ளே, வாய மூடுலே" என்றேன். அப்பா பிடித்த வில்லை விட மனசில்லை.

மனைவிதான் கேட்டாள்: "நான் கிணத்தடியில ஒரு குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் பேசிக்கிட்டு நிப்பேன்?"

"அடுப்புல சோறு தீயுற வரைக்கும்" என்றான் மைத்துனன்.

"நீ சும்மா இருடா. ரெண்டு குடம்னா எடுத்தம் வச்சம்னு வீட்டுக்கு ஓடியாந்துருவேன். தூக்க முடியுறது வேற, தூக்கிக்கிட்டு நிக்கிறது வேறங்க."

அந்தப் பேச்சிலேயே எனக்கு வழி தெரிந்தது. வில்லை வேப்பங்கிளையில் கட்டி, நாணில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டோம். அப்பாவின் வில் நெஞ்சளவுக்கு இறங்க ரெண்டு குடம் கேட்டது. அதை அப்படியே பரண்மேல் வைத்துவிட்டு, மைத்துனன் புது மூங்கிலில் ஒரு வில் செய்தான். இழுத்துப் பார்ப்பேன், கை நடுங்கும், அவன் இன்னும் கொஞ்சம் சீவுவான். கடைசியில் கழுத்துக்குக் கீழே தண்ணீர் இருந்த ஒரு குடத்துக்கே வில் வளைந்தது. கையும் நின்றது.

இதற்கு மேல் சீவினால் அம்பு தைக்காது என்று பயம். கொல்லையில் குலை தள்ளி முடிந்த வாழையில் விட்டுப் பார்த்தேன். தைத்தது. "கறிக்கு வச்சிருந்த தண்டுங்க அது" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் எனக்கு உறுத்தல். "லேசான வில்லுன்னு அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?"

"அவ கேக்குறது அம்பு. உங்க பலத்தையா கேட்டா?" என்றாள் மனைவி.

விஜயதசமி அன்று பூசாரி கை நிறையச் சூடத்தை அள்ளித் தட்டில் போட்டார். அம்மன் முகத்தைப் பார்த்தபடி இழுத்து நின்றேன். காற்றில் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. அணைகிறது என்று நினைத்தால் மறுபடி பற்றும். தோள் கனத்தது, ஆனால் ஆடவில்லை. கூட்டத்தில் மனைவி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசிச் சுடரும் போய்ப் புகை எழுந்ததும் விட்டேன். வாழையில் நட்ட நடுவே தைத்தது. குலவைச் சத்தத்தில் மேளம் கேட்கவில்லை.

"அத்தான், நின்னுட்டீகளே!" என்று மைத்துனன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

அப்பாவின் முரட்டு வில்லை அம்மனே என் கைக்குள் வந்து இழுத்தாள் என்று இப்போது சொல்கிறார்கள். அம்மன் துணை இல்லாமல் எதுவும் இல்லை, அது சத்தியம். ஆனால் எனக்கு அவள் துணை வந்தது கிணத்தடிப் பேச்சாக, என் மனைவி வாய் வழியாக. நாளைக்கு என் பேரன் வில் பிடிக்கும்போது அவன் தோளுக்குத் தக்கதை அவன் எடுக்க வேண்டும். அதனால் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: நாலு பேரிடம் சொல்லுங்கள், சொல்லும்போது ரெண்டு குடம் என்று ஏற்றிவிடாதீர்கள். ஒரு குடம்தான். அதுவும் கழுத்துக்குக் கீழே.