டிசம்பர் மூன்றுக்குப் பிறகு பிறந்தவள்

வேணிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் திருச்சியில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டரம்மா கையில் பிறந்தவர்கள். மூத்தவன் பூவரசன் இந்தியன். இளையவள் தேவதர்ஷினி இந்தியப் பிரஜை இல்லை. வேணி இதைத் தெரிந்துகொண்டபோது மகளுக்கு இருபது வயது முடிந்திருந்தது.

வேணி பிறந்தது உப்பிலியபுரத்தில். அப்பாவுக்குப் பச்சமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காடு. பிளஸ் டூ முடித்ததும் கே.கே. நகரில் சித்தி வீட்டில் தங்கி ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கடைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் சிவசங்கர். திருகோணமலைக்காரன். பன்னிரண்டு வயதில் தாயோடு படகேறி ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் இறங்கி, திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்து அகதிகள் முகாமில் வளர்ந்தவன். பேச்சு சுத்தமாக இருந்தது. சிரிப்பு அதைவிடச் சுத்தமாக இருந்தது. விஷயம் தெரிந்ததும் வேணியின் அப்பா, “சாதி தெரியாதவன்னாகூட விசாரிச்சுக்கலாம். நாடே இல்லாதவன என்னன்னு போய் விசாரிக்கிறது?” என்றார். கல்யாணத்துக்கு வரவில்லை.

வேணி முகாமுக்கே குடிபோனாள். பத்தடிக்குப் பத்தடி அறை, மேலே தகரம். அதிகாரிகள் பதிவேட்டை வைத்து அகதிகளின் பெயர் கூப்பிடும் நாட்களில் புருஷனும் மாமியாரும் வரிசையில் போய் நிற்பார்கள். வேணி வாசலில் இருந்து பார்ப்பாள். இந்தியக்காரிக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. அதை அவள் ஒரு பெருமையாகக்கூட நினைத்ததுண்டு. எதுவானாலும் தன் பிள்ளைகள் தன் பக்கம்தானே என்ற தைரியம்.

பூவரசன் ஏசி மெக்கானிக் படித்துக் கத்தாருக்குப் போனான். அவன் பாஸ்போர்ட் ஒரு மாதம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. தேவதர்ஷினி நர்சிங் முடித்தாள். ஜெர்மனியில் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தில்லை நகரில் ஒரு பயிற்சி மையத்தில் ஜெர்மன் மொழி கற்கச் சேர்ந்தாள். பேச்சுத் தேர்வுக்கு ஒரு தலைப்பு கொடுத்திருந்தார்கள்: உன் நாட்டில் உனக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன. ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும்.

வேணி மத்தி மீனை உரசிக்கொண்டிருந்தாள். மகள் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நம்ம நாட்டுல உனக்கு என்ன பிடிக்கும்?”

வேணி யோசித்தாள். “பஸ்ஸுல நின்னுட்டு வர்றப்ப, உக்காந்திருக்கறவங்க கேக்காமலே நம்ம பையை வாங்கி மடியில வெச்சுக்குவாங்கல்ல. அது பிடிக்கும்.”

“பிடிக்காதது?”

“எதுக்குப் போனாலும் ஜெராக்ஸ் கேக்கறது.”

மகள் சிரித்துக்கொண்டே எழுதினாள். சிவசங்கர் மண்ணெண்ணெய்த் துணியால் கையில் ஒட்டிய பெயின்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்குப்பா?”

“எந்த நாட்டைக் கேக்கிறாய்?”

“ரெண்டையும் சொல்லுங்க.”

“அங்க கடல் பிடிக்கும். கன்னியாவில ஏழு கிணறு இருக்கு, வெந்நீர்க் கிணறு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. அது பிடிக்கும். ஹெலிகொப்டர் சத்தம் பிடிக்காது.”

“இங்க?”

“இங்க படுத்தா நித்திரை வருது.”

“பிடிக்காதது?”

அவன் துணியைத் திருப்பி மடித்தான். “அது பரீட்சைக்கு வேண்டாம்” என்றான்.

தேர்வில் அவள் அம்மா சொன்ன பஸ்ஸைப் பற்றிப் பேசினாள். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் காவிரியில் அம்மா மண்டபம் படித்துறையில் கிடக்கும் குப்பை தனக்குப் பிடிக்காது என்றாள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. இரண்டு மாதத்தில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வேலைக் கடிதமும் வந்தது. அவளோடு மொத்தம் பதினொரு பெண்கள் தேர்வாகியிருந்தார்கள். பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி.

போலீஸ் விசாரணை முடிந்து மூன்று வாரம் கழித்து பாஸ்போர்ட் ஆபீசுக்கு நேரில் வரச் சொன்னார்கள். அங்கிருந்த அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

“பொண்ணு பிறந்தது ரெண்டாயிரத்து அஞ்சு ஜனவரி பத்தொன்பதுங்களாம்மா?”

“ஆமாங்க.”

“ரெண்டாயிரத்து நாலு டிசம்பர் மூணுக்கு முன்னாடி பிறந்திருந்தா, அம்மா மட்டும் இந்தியரா இருந்தாலே போதும். உங்க பையனுக்கு அப்படித்தான் கிடைச்சிருக்கு. அன்னையிலேருந்து சட்டம் மாறிடுச்சு. அப்பா வெளிநாட்டுக்காரரா இருந்தா, அவரு முறையா பாஸ்போர்ட், விசாவோட வந்தவரா இருக்கணும்.”

“அவரு பன்னெண்டு வயசுல உசுருக்குப் பயந்து ஓடியாந்தவருங்க.”

“எனக்குப் புரியுதும்மா.”

“நான் இந்தியாதானுங்களே? என் வயித்துல பிறந்தவதானே இவ?”

“நீங்க இந்தியர்தாம்மா. அதுல சந்தேகமே இல்ல” என்றார் அவர். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். தேவதர்ஷினி கோப்பில் இருந்த தன் பிறப்புச் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வேணி விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தேழு நாள். குறைப்பிரசவமாகப் பிறந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த உடனே வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகி என்று ஒரு வக்கீலம்மா. அவர் வீட்டுக்கு சிவசங்கர் வருஷாவருஷம் பெயின்ட் அடிப்பான். மேலச் சித்திரை வீதிக்குப் போய் மூவரும் அவர் முன் உட்கார்ந்தார்கள். காகிதங்களை எல்லாம் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டு வழிதான் இருக்கு. கோர்ட்டுக்குப் போலாம். எத்தனை வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. இல்லேன்னா சென்னையில இலங்கைத் துணைத் தூதரகத்துல அப்பா வழியா பிரஜை ஆக்கிண்டு, அந்தப் பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனா இங்கேருந்து வெளில போறதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். அப்படிப் போயிட்டா, திரும்பி வரப்போ இந்த ஊருக்கு அவ வெளிநாட்டுக்காரி. விசா கொடுத்தாத்தான் அம்மாவைப் பாக்க முடியும்.”

சிவசங்கர் இரண்டாவது வழியைத்தான் சொன்னான். “அதுவும் ஒரு நாடுதானே. என்ர நாடு. வேலைக்காவது போவாள்.”

தேவதர்ஷினி அவன் கையைப் பிடித்தாள். “அப்பா, அங்க பிடிச்சது என்னன்னு கேட்டா நீங்க சொன்ன ஏழு கிணத்தைச் சொல்லிடுவேன். பிடிக்காதது என்னன்னு கேட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதேப்பா.”

அவன் எழுந்து வெளியே போனான். வீதியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை வேணி ஜன்னல் வழியே பார்த்தாள். புருஷனைத் தேற்றப் போவதா, மகள் பக்கத்தில் இருப்பதா என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டார்கள். முதியோர் இல்லம் நான்கு மாதம் காத்திருந்தது. பிறகு வருத்தத்தோடு ஒரு கடிதம் அனுப்பியது. அந்த இடத்துக்கு முசிறிப் பெண் ஒருத்தி போனாள். பத்துப் பெண்களையும் அவளையும் வழியனுப்ப தேவதர்ஷினி போகத்தான் செய்தாள். ஒரு தோழியின் பெட்டி எடை கூடிவிட்டதென்று பாதிச் சாமானைப் பிரித்து எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபோது கையில் அந்தத் தோழியின் ஊறுகாய் பாட்டில் இருந்தது.

இப்போது அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள். நல்ல நர்ஸ் என்று பெயர். ஜெர்மன் புத்தகங்களை யாருக்கும் கொடுக்கவில்லை. எடுத்துப் படிப்பதும் இல்லை. சிவசங்கர் முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறான். பூவரசன் கத்தாரிலிருந்து கூப்பிட்டால், தங்கையிடம் பாஸ்போர்ட் பேச்சை எடுப்பதே இல்லை. தனக்குக் கிடைத்ததைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது.

வாய்தாவுக்கு வேணி வர வேண்டியதில்லை என்று ரங்கநாயகி பலமுறை சொல்லிவிட்டார். “உங்களை அங்க யாரும் எதுவும் கேக்கப் போறதில்லைம்மா.” ஆனாலும் வேணி ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு விடியற்காலை மதுரை பஸ் ஏறிவிடுகிறாள். போன மாதம் அன்றைய பட்டியலில் அவர்கள் வழக்கின் எண் அறுபத்து நான்கு. நாற்பத்தொன்று வரை கூப்பிட்டார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தாள். மகள் போன் செய்து, “என்னம்மா ஆச்சு?” என்றாள்.

“கூப்பிடலம்மா.”

“சரி. சாப்பிட்டுட்டு பஸ் ஏறு.”

வேணி சரி என்றாள். சாப்பிடாமலே ஏறினாள்.