அப்பா உடைக்காமல் அனுப்பிய பெட்டி

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்றார் பெரியப்பா. நாலு வார்த்தையில் அடங்குகிற மனிதரா அவர்? நடந்ததை எழுதுகிறேன், பெரியப்பா மன்னிக்க வேண்டும்.

அப்பா பட்டாபிராமில் பிறந்தார். வீட்டுக் கஷ்டத்தில் பத்தாவதோடு படிப்பு நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோக்களுக்கு பிரேக் சிலிண்டர் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, கடைசிவரை ரிட்டன் ஷெட்டிலேயே இருந்தார். பழுது என்று திரும்பி வரும் சரக்கெல்லாம் அவரிடம்தான் வரும். சரிசெய்ய முடிந்ததை உள்ளே அனுப்புவார். ஆகாததற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கண்ணெதிரே சுத்தியலால் உடைக்க வைத்த பிறகே பழைய இரும்புக்காரர் வெளியே எடுத்துப்போக கேட் பாஸில் கையெழுத்துப் போடுவார். உடைக்காமல் போனால், பெயிண்டைத் தின்னரில் கழுவிப் புதுச் சரக்கு என்று விற்றுவிடுவார்கள்.

எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று அறுபது சிலிண்டர்கள் ஒரு பெட்டியில் திரும்பி வந்திருந்தன. எண்ணெய் கசிகிற சிலிண்டர்கள். நான்தான் போன் செய்து, "அப்பா, பயமா கீது, சீக்கிரம் வா" என்றேன். உடைப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஷெட்டில் இருந்தவர்கள் கையெழுத்தைப் பார்த்து, உடைத்தாயிற்று என்று நினைத்து லோடு ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் விஷயம் தெரிந்தது. மேனேஜரிடம் தானே போய்ச் சொன்னார். அதற்குள் சரக்கு கைமாறிவிட்டது. கம்பெனி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கடைகளுக்கும் எழுதிப் போட்டது. யாரும் பதில் போடவில்லை.

அன்றிலிருந்து விடுமுறை என்பதே அவருக்கு இல்லாமல் போயிற்று. ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி என்று ஒவ்வொரு ஸ்பேர் கடையாக, ஒவ்வொரு மெக்கானிக்காகத் தேடினார். அந்தப் பெட்டிச் சிலிண்டர்களுக்கு மட்டும் அடியில் முக்கோணக் குறி குத்தியிருக்கும். கிடைத்ததை வாங்கி வந்து கொல்லையில் வைத்து உடைப்பார். எங்காவது ஆட்டோ விபத்து என்று கேட்டால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்த வண்டியின் சக்கரத்தருகே போய்க் குனிவார். ஒன்றிலும் அந்தக் குறி இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து சோறு தொடமாட்டார்.

அம்மா பொறுத்துப் பொறுத்து ஒருநாள் கத்திவிட்டார். "ஒருநாள் கை தப்பிப்போச்சு. அதுக்கு இன்னாத்துக்குய்யா தெனம் சாவுற?"

அப்பா மெதுவாகத்தான் சொன்னார். "பிரேக்கு அது. புடிக்கலேன்னா எவன் ஊட்லயோ எழவு வுழும்."

என் மகனை அவர் தூக்கிக் கொஞ்சி நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் பிறந்தநாள் அன்றும் கடைகடையாக அலைந்துவிட்டுத்தான் வருவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அந்தப் போனை நான் செய்திருக்கவே வேண்டாம் என்று அழுதும் இருக்கிறேன். அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று கிடைத்தன. பூந்தமல்லியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பதினேழு வெளியில கீதும்மா" என்றார். "வுடுப்பா, போனது போச்சு" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் தேடுகிறேன் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

கடைசி நாட்களில் உடனிருந்த பெரியப்பாவுக்கும், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த ரிட்டன் ஷெட் தோழர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்காக மாலையும் மெழுகுவர்த்தியும் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். உங்களில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் சிலிண்டரின் அடியில் முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியை எடுக்காமல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.