இரண்டு விரல் உயரத்துப் பூனை

என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவர் ஹால் தரையில் குப்புறப் படுத்திருந்த காட்சிதான். ஷிப்ட் முடிந்து வந்தவர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கன்னத்தைச் சிமென்ட் தரையில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நின்ற பூனையின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வெரல் தாராளமா போவுதும்மா. கேப் இருக்குது. ஓடும்" என்றார். புது மிஷினுக்குச் சான்றிதழ் கொடுப்பதைப் போலத்தான் சொன்னார்.

பூனை என் நாத்தனாருடையது. மஞ்ச்கின் என்று ஒரு வெளிநாட்டு இனமாம். தலையும் உடம்பும் நம் தெருப் பூனை மாதிரியே இருக்கும், கால்கள் மட்டும் பாதி வளர்ச்சியில் நின்றிருக்கும். பெங்களூரில் ஆசையாக வளர்த்தவள் வெளிநாடு போகும்போது நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டுப் போனாள். பெயர் ஜில்லு. பிளாக்கில் பார்த்தவர்களெல்லாம் "பாவம், பொறவியிலயே இப்பிடியா?" என்று உச்சுக்கொட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா முட்டை ஓட்டைப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுத்தால் கால் வளரும் என்று சொல்லி, பொடியையும் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மாமாவுக்கு மட்டும் அது பாவமாகத் தெரியவில்லை. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். கோபுர உயரத்தில் இருக்கும் கேபினுக்கு முட்டி வலியோடு ஏறி இறங்கி முப்பது வருடம் வேலை பார்த்தவர், ஜில்லு சமையலறை மூலையில் வேகம் குறையாமல் உடம்பைச் சாய்த்துத் திரும்புவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார். "அவ்ளோ பெரிய மிஷினு, திரும்பறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். இது எப்பிடித் திரும்புது பாரு!" என்பார். எங்கள் ஊர்க் கரித்தூசி தரையோடு தரையாக நடக்கும் அதன் வயிற்றில்தான் முதலில் ஒட்டும். தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடுவது அவர் வேலை. மலம் கழிக்க வைத்திருந்த மண் தொட்டியின் விளிம்பை அது தாண்டச் சிரமப்பட்டபோது ஆக்ஸா பிளேடால் ஒரு பக்கம் வெட்டி வாசல் வைத்துக் கொடுத்தவரும் அவரே.

அத்தை இல்லாத வீடு. மாமா, என் கணவர், நான் என்று மூவருமே ஷிப்ட் வேலைக்காரர்கள். நான் ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் நர்ஸ். ஒருவர் வரும்போது இன்னொருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். யார் கதவைத் திறந்தாலும் ஜில்லு ஓடிவந்து பத்து நாள் பட்டினி கிடந்ததுபோலக் கத்தும். பாவம், யாரும் வைக்கவில்லை போலிருக்கிறது என்று வந்த ஒவ்வொருவரும் தீனி வைப்போம். இப்படியே எட்டு மாதம் போனது. கொழுகொழுவென்று இருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். ஒருநாள் காலையில் அது பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தது. மாமா தரையில் படுத்து விரலை நுழைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூடப் போகவில்லை.

கடலூரில் காட்டினோம். உடம்பு கனத்தை முதுகு தாங்கவில்லை, எடை குறையாவிட்டால் பின்னங்கால்களுக்குப் பலம் திரும்ப வராது, எதிலிருந்தும் குதிக்க விடாதீர்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு நோட்டை நூல் கட்டி ஃபிரிட்ஜில் தொங்கவிட்டார். "மைன்ஸ்ல ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்காம எவனும் மிஷின விட்டு எறங்க மாட்டான். இன்னா நடந்துச்சின்னு எழுதிட்டுத்தான் போவான். நாம மூணு பேரும் எழுதாம எறங்கிகினு இருந்திருக்கோம்" என்றார். முதல் பக்கத்தில் அவரே எழுதினார்: 'அதிகத் தீனி. தவறு என்னுடையது.' எங்கள் இருவர் பெயரையும் அவர் சேர்க்கவில்லை.

அளந்து வைக்கத் தொடங்கியபின் ஜில்லு கத்திய கத்தலைக் கேட்க முடியவில்லை. நான் இரண்டு முறை மனம் தளர்ந்து பிஸ்கட்டைக் கையில் எடுத்து, நோட்டைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மாமா ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிடுவதே இல்லை என்பதைச் சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். கேட்டதற்கு, "அது பசியோட பாத்துகினு இருக்கும்போது எனக்கு எறங்கலம்மா" என்றார். அது தூங்கிய பிறகு ஆறிப்போனதைச் சாப்பிடுவார். பெரிய மனது என்றெல்லாம் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

நான்கு மாதத்தில் ஜில்லு நான்கு கால்களாலும் நடந்தது. நடக்க முடிந்ததும் அது செய்த முதல் காரியம், மாமாவின் கட்டிலில் ஏறிப் படுக்கப் பார்த்ததுதான். தூக்கிக் கீழே விட்டால் மறுபடியும் தாவியது. ஏறினாலும் பரவாயில்லை, இறங்கும்போது குதிக்குமே என்று ஆள் மாற்றி ஆள் கட்டில் பக்கத்திலேயே காவல் இருந்தோம். வார விடுமுறை அன்று மாமா ரம்பத்தை இரவல் வாங்கி வந்து, கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களையும் நான்கு விரல் உயரம் மட்டும் விட்டு அறுத்துவிட்டார்.

"ஏம்பா, ஒரு படி செஞ்சி வெச்சிருக்கலாமே!" என்று என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"படியில எறங்குனாலும் முதுகு குலுங்கும்டா. நான் எறங்கி வந்தா அதுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?"

அதன்பிறகு மூன்று வருடம், ஓய்வு பெற்ற பின்னும், அந்தக் கட்டிலில்தான் படுத்தார். ஜில்லு அவர் மார்பில் தூங்கும். போன வருடம் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

சென்ற மாதம் என் கணவர் அந்தக் கட்டிலைக் கொடுத்துவிட்டு உயரமாக ஒன்று வாங்கலாம் என்றார். மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், அதில் அவரே படுத்திருந்தார், மேலே ஜில்லு. பூனையை மெதுவாக ஓரத்தில் விட்டுவிட்டு எழப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் சுவரைப் பிடித்துப் பாதி எழுந்தவர், அப்படியே நின்றார்.

"முட்டி வலியோட அப்பா தெனமும் இப்பிடியா எழுந்தாரு?" என்று கேட்டார். பிறகு மறுபடியும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதார்.