பெயர் போடாத முதலிடம்

எங்கள் ஊரிலிருந்து ஒரு மாத இதழ் வருகிறது. மழை நிலவரம், கோயில் தேர், மாதா கோவில் திருவிழா, கல்யாண மண்டப விளம்பரம் எல்லாம் கலந்திருக்கும். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான் அதற்குப் பிழை திருத்திக் கொடுப்பேன். இரண்டு வருடங்களுக்கு முன் அதன் ஆசிரியர், தருமபுரி மாவட்டத்தின் சிறந்த பத்து உணவகங்கள் என்று ஒரு சிறப்பிதழ் கொண்டுவர முடிவு செய்தார். நடுவர்கள் பட்டியல் ஒரு பக்கம், வாசகர்கள் பட்டியல் எதிர்ப்பக்கம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஊரே ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசும் என்று அவர் நம்பினார்.

நடுவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெங்களூரின் பெரிய ஓட்டல்களில் முப்பது வருடம் சமைத்துவிட்டு அதியமான்கோட்டைக்குத் திரும்பிவந்தவர். அவரை எல்லோரும் செஃப் சார் என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருவர் நான். சாப்பாட்டைப் பற்றி நாலு வரி எழுதத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

இரண்டு மாதம் அவருடைய பழைய காரில் சுற்றினோம். நெடுஞ்சாலை ஓரத்துப் பிரியாணிக் கடைகள், காரிமங்கலத்தில் சந்தை நாளில் மட்டும் களியும் கோழிக் குழம்பும் போடும் கொட்டகை, தீர்த்தமலைக்குப் போகிற வழியில் காலை பத்து மணிக்குள் மாவு தீர்ந்துவிடும் ஓர் இட்லிக் கடை. செஃப் சார் முதலில் உட்காரமாட்டார். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த இலைகளைப் பார்த்தபடி ஒரு சுற்று வருவார். எது மிஞ்சுகிறது என்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி என்பார். காரிமங்கலத்துக் களிக் கொட்டகைக்கு முதலிடம் என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

அதன்பிறகு வாசகர்களின் வாக்குகள் வந்தன. இதழில் அச்சிட்டிருந்த சீட்டை வெட்டி அனுப்பியவர்கள் பாதிப் பேர். மீதி எல்லாம் வாட்ஸப்பில் வந்தது. நானும் ஆசிரியரும் உட்கார்ந்து பிரித்தோம். பிரியாணிக் கடைகளுக்கு எதிர்பார்த்தபடியே நிறைய விழுந்தது. ஆனால் அவற்றையெல்லாம் தாண்டி ஒரு பெயர் மேலே போய்க்கொண்டே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் ஒரு மெஸ். நாங்கள் அங்கே போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

கடைக்காரர்களே ஆள் வைத்து வாக்குப் போட்டிருப்பார்கள் என்று ஆசிரியர் முதலில் சந்தேகப்பட்டார். ஆனால் சீட்டுகள் பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று மூலைக்கு மூலை வந்திருந்தன. கையெழுத்துகள் வேறு வேறாக இருந்தன. 'பிடித்த உணவு' என்ற இடத்தில் அவர்கள் எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க அந்தச் சந்தேகம் கரைந்துபோனது. ஒருவர் 'கஞ்சி' என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னொருவர் 'உப்பில்லாத பூசணிக் கூட்டு' என்று எழுதியிருந்தார். ஒரு சீட்டில், 'அப்பா பதினோரு நாள் கழித்து வாய் திறந்து கேட்ட ரசம்' என்று இருந்தது.

செஃப் சார் இதை ஏற்கவில்லை. துக்கத்தில் சாப்பிட்ட சாப்பாடு மனதில் நிற்கும், அதனால் அது நல்ல சமையல் ஆகிவிடாது என்றார். ருசிக்காக ஒரு பட்டியல், நன்றிக்காக ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள் என்றார். வந்த வாக்கை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று ஆசிரியர் பதில் சொன்னார். அப்படியென்றால் நடுவர் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று செஃப் சார் சொல்கிற வரைக்கும் போனது. உண்மையைச் சொன்னால் நானும் செஃப் சார் பக்கம்தான் இருந்தேன். கடைசியில், சாப்பிட்டுப் பார்க்காமல் சண்டை போடுவது அநியாயம் என்று நான் சொல்லவும், மறுநாள் காலை நானும் செஃப் சாரும் புறப்பட்டோம்.

நாலு மேசை, ஒரு கை கழுவும் தொட்டி, உள்ளே திறந்த அடுப்படி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கரண்டியோடு நின்றிருந்தார். அவருடைய கணவர் கீழே உட்கார்ந்து சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று அந்த அம்மா கேட்கவில்லை.

"யாருக்குங்க?" என்றார்.

எங்களுக்குத்தான் என்றேன். நோயாளி யாரும் இல்லையா என்று இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு சாதாரணச் சாப்பாடு போட்டார். நன்றாக இருந்தது, அவ்வளவுதான். செஃப் சார் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் இல்லையா என்பது இருந்தது.

அதற்குள் வெளியே தூக்குவாளிகளோடு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். யார் கையிலும் டாக்டர் சீட்டு இல்லை, யாரும் எதையும் விளக்கவும் இல்லை. ஒரு பெண் வந்து நின்றதும், "உங்க மாமாவுக்கு நேத்து டாக்டர் சாப்பாட்ட மாத்தி எழுதிட்டாங்கன்னு சொன்னீங்களே, இன்னியில இருந்து பருப்பு கம்மி" என்று சொல்லியபடியே அந்த அம்மா ஊற்றினார். அடுத்தவருடைய தகப்பனாருக்குப் பல் இல்லை, சாதத்தைக் குழைத்தார். அதற்கடுத்து வந்தவர் பரிசோதனைக்காக ஒரு வருடம் கழித்து வருகிறாராம். அவர் உட்காருவதற்குள், "உங்களுக்குக் கெழங்கு ஆவாதில்லிங்களா, கொஞ்சம் இருங்க" என்று பொரியலை மாற்றி எடுத்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பி, என் வூட்டுல இருக்கறவங்களே மறந்துட்டாங்க என்றார்.

அரை மணி நேரத்தில் எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கை கழுவ எழுந்தவள் தொட்டியருகிலேயே நின்றுவிட்டேன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெயரே எனக்குத் தீபாவளி வரைக்கும் பிடிபடாது. இவருக்கு ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும், படுக்கையில் கிடக்கும் இன்னொரு முகம் தெரிந்திருக்கிறது. அதில் பலரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

செஃப் சார் இலையை மடிக்கவில்லை. உப்பில்லாத கூட்டு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். வந்தது. ஒரு வாய் வைத்தார். பிறகு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். எனக்கும் ஒரு கரண்டி விழுந்தது. பூசணியின் இனிப்பு முதலில் வந்தது, பின்னாலேயே வறுத்த மல்லியும் மிளகும், கடைசியில் எங்கோ ஒரு பொன்னிறப் பூண்டு. உப்பு இல்லை என்பது விழுங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். முப்பது வருடம் எத்தனையோ பேரை வேலை வாங்கிய மனிதர் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

"உப்பு இல்லைன்னா நாக்கு தேடும்ங்க. அது தேடற எடத்துல வேற எதனா ஒண்ணு வெச்சிடணும். அவ்ளோதாங்க" என்றார் அந்த அம்மா.

ருசி பார்ப்பது எப்படி என்று செஃப் சார் விடாமல் கேட்டார். அடுப்பில் மூன்று பாத்திரங்கள் இருந்தன. உப்பே இல்லாதது, பாதி உப்பு, முழு உப்பு. கரண்டிக் காம்புகளில் வேறு வேறு நிற நூல் சுற்றியிருந்தது. பதிலை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"நான் சாயந்திரம் வரைக்கும் உப்பு தொடமாட்டன்ங்க. தொட்டா நாக்கு அதுக்கே பழகிடும். அப்பறம் இவங்களுது எப்படி இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எத்தனை நாளாக என்று நான் கேட்டேன். கணவர்தான் சுரைக்காயிலிருந்து தலையைத் தூக்கிப் பதில் சொன்னார். அவர் சிறுநீரகக் கோளாறோடு அந்த ஆஸ்பத்திரியில் கிடந்து, கொண்டுவந்த சாப்பாட்டையெல்லாம் தள்ளிவிட்ட நாளிலிருந்தாம். இப்போது கல்லூரிக்குப் போகும் மகளுக்கு அப்போது மூன்று வயது.

நாங்கள் யார் என்று அப்போதுதான் சொன்னோம். வாசகர்கள் உங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றோம். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது, உடனே போய்விட்டது. பேர் போடாதீங்க என்றார். செஃப் சார் வாதாடினார். இந்தச் சமையலை மாவட்டமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, முந்தின நாள் அவர் எதை எதிர்த்தாரோ அதற்காகவே பேசினார்.

"போட்டா கார்ல வருவாங்கங்க. நாலு மேசதான் இருக்குது. ஊசி போடற நேரத்துக்குள்ள திரும்பிப் போவணும்னு ஓடியாறவங்க, அவங்க பின்னாடி நின்னுக்கிட்டு இருக்கணுமா?"



பெயர் போடாமல் இருக்க ஆசிரியர் ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. முதலிடம் இல்லாமல் சிறப்பிதழா என்று புலம்பினார். கடைசியில் வாசகர் பக்கத்தில் முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, இவ்விடத்தைப் பெற்ற உணவகம் தன் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டது என்று ஒரே வரி போட்டோம். இதழ் வந்ததும் நெடுஞ்சாலைக் கடைக்காரர்கள் சிலர் போன் செய்து, எங்களுக்கு மேலே இருப்பது யார் என்று துருவினார்கள். வாக்குப் போட்டவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அரூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை மட்டும் வந்தது. 'நல்லது செய்தீர்கள்' என்று இருந்தது.

செஃப் சார் அன்றிலிருந்து தன் சாப்பாட்டில் உப்பை நிறுத்திப் பார்த்தார். சும்மா, நாக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள. முதல் வாரம் எரிச்சலாகப் பேசினார். பத்தாவது நாளோ என்னவோ, நான் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"தக்காளியிலயே உப்பு இருக்குதும்மா. இத்தனை வருஷம் எனக்குத் தெரியல."

நானும் முயன்றேன். இரண்டாம் நாள் மதியமே ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்துவிட்டேன். திறந்தபோது, சந்தில் இந்நேரம் கூட்டம் கட்டியிருக்கும் என்றும், அந்த அம்மா இன்னும் உப்புத் தொட்டிருக்கமாட்டார் என்றும் நினைத்துக்கொண்டேன்.