நாலு முறை அழுத்தவும்

ரைசா மார்கொவ்னா முப்பது வருடம் பீட்டர்ஸ்பர்க்கில் டிராம் ஓட்டியவள். குறுக்கே வந்தவர்களைத் திட்டித் திட்டியே குரல் தடித்துப் போயிருந்தது. எங்கள் வீட்டில் ஐந்து அறை, ஐந்து குடும்பம், ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. வாசலில் ஒரே அழைப்பு மணி. ஒரு முறை அழுத்தினால் எனக்கு, நாலு முறை அழுத்தினால் ரைசாவுக்கு. அடுத்தவர் மணிக்கு யாரும் எழுந்து போக மாட்டோம், பக்கத்திலேயே நின்றாலும் சரி.

ரைசாவுக்காக நாலு முறை அழுத்த உலகத்தில் ஒரே ஆள்தான், அவள் மகன் ரோதியான். அவளுடைய அப்பாவின் போர்ப் பதக்கங்களை விற்றுக் குடித்தான் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை விரட்டியவளும் அவளேதான். ஏழு வருடமாக ஆளைக் காணோம். வடக்கே மர்மான்ஸ்க் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பலில் இருப்பதாகக் கேள்வி. அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் மணி கேட்டால் விரலை மடக்கி எண்ணுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் சுற்றிக் காட்டும் பிலிப் வந்தான். அரண்மனை பார்த்து அலுத்துப்போன வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் சமையலறையைக் காட்ட வேண்டுமாம். குடும்பத்துக்கு ஒன்றாக ஆணியில் தொங்கும் ஐந்து கழிப்பறை இருக்கைகளையும் காட்ட வேண்டுமாம். கூலியாக எங்களுக்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரம்.

"நான் என்ன கூண்டுல இருக்கற கரடியா?" என்று ரைசா கத்தினாள்.

"கரடிகூட இவ்வளவு கத்தாது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலு குடும்பம் சரி என்றது, அவள் மட்டும் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், முடிந்தது.

போகும்போது பிலிப் கேட்டான்: "ஸோயா அக்கா, எத்தன தடவ அழுத்தட்டும்? யாராச்சும் வந்து தெறக்கணுமே."

என் முறை வந்த வாரம் நான் துடைத்த நடையை, இது துடைத்த லட்சணமா என்று எல்லோர் முன்னாலும் மறுபடி துடைக்க வைத்தவள் ரைசா. அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை.

"நாலு அழுத்துப்பா. கெழவி விழுந்தடிச்சு ஓடி வருவா," என்றேன்.

ஓடித்தான் வந்தாள். முதல் நாள் தலை சீவி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து திறந்தாள். வாசலில் பதினாலு பேர் கேமராவோடு. அன்று முழுக்க அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாளும் நாலு முறை ஒலித்தது. மறுநாளும் சாயம் பூசிக்கொண்டு ஓடினாள்.

பிலிப் அதோடு நிற்கவில்லை. பயணிகளுக்கு யோசனை என்று இணையத்தில் எழுதிப் போட்டான். "உண்மையான பீட்டர்ஸ்பர்க்கைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கீழ்க் கதவைத் திறக்கும் எண் இது. மூன்றாம் மாடி. நாலு முறை அழுத்தவும். திறக்கும் பெண்மணி திட்டுவார், பயப்பட வேண்டாம், அதுவே தனி அனுபவம். ஒரு சாக்லேட் கொடுத்தால் போதும்." அதற்குப் பிறகு போகிற வருகிறவனெல்லாம் அழுத்த ஆரம்பித்தான். ஒருத்தி சாக்லேட்டை ரைசாவின் வாயிலேயே ஊட்டப் போய், அதைப் படமும் எடுத்துக்கொண்டாள்.

அன்று ரைசா சமையலறையில் எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "இனிமே நான் தெறக்க மாட்டேன்."

"உங்க பையன் வந்தா?" என்று வேண்டுமென்றே குத்தினேன்.

"வந்தா 'அம்மா'ன்னு கூப்பிடுவான். அவன் கொரல் எனக்குத் தெரியாதா?"

எங்கள் வாசலில் இரட்டைக் கதவு. அதைத் தாண்டி இருபது அடி நடை. வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் அறைக்குக் கேட்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மணி நாலு முறை ஒலித்தது. கொஞ்சம் விட்டு மறுபடி நாலு, மறுபடியும் நாலு. இவ்வளவு பொறுமையாக யாரும் அழுத்தியதில்லை. ரைசாவின் கதவு அசையவில்லை. என் மணி இல்லை, நானும் அசையவில்லை. கடைசியில் நின்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் பையோடு ஒரு வழுக்கைத் தலைக்காரன் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். இடது காலை இழுத்து நடந்தான். சின்ன வயதில் எங்கள் மாடிப்படியில் விழுந்து உடைத்துக்கொண்ட கால் அது. ரோதியான்.

ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். கையெல்லாம் சோப்பு நுரை, அதனால்தான் முடியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பொய். அவன் மேலே வந்தால், ஏன் திறக்கவில்லை என்ற பேச்சு வரும். பேச்சு வந்தால், நாலு என்று சொல்லிக்கொடுத்தது யார் என்பதும் வரும். அவன் முற்றத்து வளைவு வாசலைத் தாண்டித் தெருவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரைசா கெட்டிலோடு சமையலறைக்கு வந்தாள். பல மாதமாக அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்க்கவில்லை.

"எண்ணுனேன் ஸோயா. பதினோரு தடவ, நாலு நாலா. நான் கட்டில்லேர்ந்து அசையவே இல்ல. ஜெயிச்சுட்டேன் பாத்தியா?"

"ஆமா ரைசா மார்கொவ்னா," என்றேன். "நல்ல வேல செஞ்சீங்க."