மஞ்சள் கடவையில் நின்ற ஓட்டோ

மூன்று வருடங்களுக்கு முன்னால், மாரி மழை ஓய்ந்து வயல் வட்டையெல்லாம் பச்சையாக நின்ற நாட்களில் இது நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற செட்டிபாளையத்துக்கு நாங்கள் திரும்பி வந்து அப்போது இரண்டாவது மாரி. திரும்பி வந்தோம் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். இந்த ஊரை விட்டு வள்ளம் ஏறியபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. படித்தது, கலியாணம் கட்டியது, மகளைப் பெற்றது எல்லாமே அங்கே அகதி முகாமில்தான். அம்மா அங்கேயே கண்ணை மூடினார். ஊரிலே தன் பெயரில் இருந்த வீட்டு நிலத்தை, அந்த வளவை மட்டும் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மட்டக்களப்புப் பக்கம் வளவும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும்.

முகாமில் இருந்த காலத்தில் நான் ஆட்டோ ஓட்டினேன். அங்கே ஸ்டாண்டில் எனக்கு "சிலோன் அக்கா" என்று பெயர். இங்கே வந்து இறங்கினால் "இந்தியாக்காரி" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கடலில் போய்க் குடியிருக்க முடியுமா? யார் என்ன பெயர் வைத்தாலும் என் வளவில் நான் அடுப்பு மூட்டினேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே கால்கள் இரண்டுக்கும் வலுவில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. வீல் செயாரில்தான் எல்லா இடமும் போவாள். களுவாஞ்சிக்குடியில் சாய்தளம் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பக்கத்து ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருந்த ஒரு தம்பி தினமும் கொண்டுபோய் விட்டார். அவர் வெளிநாடு போனதும் மகளின் பள்ளிக்கூடப் பயணம் நின்றுவிட்டது. பள்ளிக்கூட வேன்காரர் வீல் செயார் வைக்க இடமில்லை என்றார். பஸ்ஸைச் சொல்லவே வேண்டாம். அடுத்த வருடம் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை வைத்துக்கொண்டு, ஒரு தவணை முழுக்க என் பிள்ளை வீட்டில் இருந்தாள். கூட்டாளிகள் போனில் அனுப்புகிற பாடக்கொப்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கட்டாரில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் எப்படியோ ஒரு பழைய ஓட்டோ வாங்க வழி பண்ணினார். வண்டி வாசலுக்கு வந்தது. ஆனால் ஓட்ட லைசன் இல்லை. இந்தக் குடியுரிமைப் பத்திரம், அந்தப் பதிவு என்று அலைந்து முடிப்பதற்குள் என் இந்திய லைசன் காலாவதி ஆகியிருந்தது. லைசன் கொடுக்கிற கந்தோரில் மருத்துவப் பரிசோதனை, எழுத்துச் சோதனை, பிறகு ஓட்டிக் காட்டுகிற ட்ரையல் என்று முதல் படியிலிருந்து ஏறச் சொன்னார்கள். அதுவரை ஓட்டோ முற்றத்தில் நின்றது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது.

ஊருக்குள்ளே ஒரு மைல் இரண்டு மைல் ஓட லைசன் எதற்கு, ஆர் கேக்கப்போறான் என்று சிலர் புத்தி சொன்னார்கள். பொலிஸ் மறித்தால் வண்டி போகும், அது ஒரு பக்கம். களவாக ஏற்றிப்போக என் பிள்ளை என்ன சாராயக் கேனா? பட்டப்பகலில், பெரிய ரோட்டால், தலையை நிமிர்த்திக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று முடிவு எடுத்துவிட்டேன்.

அடுத்த வளவில் இருக்கிற மாமிக்கு இது பிடிக்கவில்லை. மாமா பெண்சாதி, நல்ல மனுசிதான். ஆனால் ஸ்கூட்டியில் போகிற பெண்களைப் பார்த்துப் பழகிய அவருடைய கண்ணுக்கு ஓட்டோ மட்டும் பொறுக்கவில்லை. "ஓட்டோ ஓடுறது ஆம்பிளையள்ற தொழில் புள்ள, ஊர் என்ன பறையும்?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "வளவு பொம்பிளைக்கு, வீடு பொம்பிளைக்கு, ஹேண்டில் மட்டும் ஆம்பிளைக்கோ மாமி?" என்று கேட்டேன். மாமி முருங்கைக்கீரையை ஆயத் தொடங்கினார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லைதான். அதற்காக நான் என் வாயை ஏன் மூட வேண்டும்?

எழுத்துச் சோதனை ஒரு தடவையிலேயே பாஸ். எல் போட் மாட்டிக்கொண்டு, ஓட்டிப் பழக்குகிற லேனர்ஸ் மாஸ்டரைப் பின் சீட்டில் வைத்து, வட்டைக்கு நடுவால் போகிற கிறவல் மண் ரோட்டில் ஓடினேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. "இடப்பக்கம் கிறுகுங்க, வலப்பக்கம் கிறுகுங்க" என்று சொல்லிவிட்டுப் போன் பார்ப்பார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நான் ஹோன் அடிப்பதைக் கேட்டு நெளிவார். "அக்கா, இந்தியா ஓட்டத்த இந்தியாவில வெச்சிட்டு வாங்க" என்பார். எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது. நான் ஓட்டிய ஊரில் ஹோன் அடிப்பது ஒரு பேச்சு. வர்றேன், பாத்துக்க என்று அர்த்தம். அடிக்காமல் போனால்தான் திட்டுவார்கள்.

ட்ரையல் நாள் வந்தது. மைதானத்தில் எட்டுப் போட்டேன், பின்னுக்கு எடுத்தேன், எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. பிறகு பரிசோதகர் ஐயா பின்னால் ஏறி உட்கார, ரோட்டுக்கு எடுத்தேன். சந்தைக்குக் கிட்ட ஒரு மஞ்சள் கடவை, ஆட்கள் ரோட்டைக் கடக்க மஞ்சள் கோடு போட்ட இடம். கையில் கீரைக் கட்டோடு ஓர் அம்மா அதில் கால் வைத்தார். நான் இரண்டு தரம் ஹோன் கொடுத்தேன். அந்த அம்மா அப்படியே நின்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த இடைவெளியால் வண்டியை நழுவவிட்டு எடுத்தேன். என் கைச்சுத்தத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. ஐயா பின்னாலிருந்து கம்பியைத் தட்டினார்.

"ஏன் ஹோன் அடிச்சீங்க?"

"நான் வாறன் எண்டு சொல்லத்தான் ஐயா."

"அவ வாறது உங்களுக்குத் தெரியல்லயா?"

நான் விடவில்லை. இத்தனை வருடம் ஓட்டியும் ஒருத்தர் மேலும் ஒரு கீறல் விழவில்லை, அந்த அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நடுரோட்டில் வழக்காடினேன். ஐயா சத்தம் போடவில்லை. அது உங்கட அதிர்ஷ்டம், கடவையில ஆள் இருந்தா நீங்கதான் நிக்கணும் என்று சொல்லி, ஃபெயில் போட்டுவிட்டு இறங்கினார். "வருவேன் ஐயா. நீங்க பாஸ் போடுற வரைக்கும் வருவேன்" என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாமி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மெல்லச் சொன்னார். மாஸ்டர் போனில், சொன்னன்தானே அக்கா என்றார். நான் மீனை வெட்டிக்கொண்டு கந்தோரையும் ஐயாவையும் அந்தக் கீரைக்கார அம்மாவையும் சேர்த்து வைத்துத் திட்டினேன். மகள் எழுதிக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து நிமிர்ந்தாள்.

"அம்மா, அந்த மஞ்சள் கடவையில நான் வீல் செயாரில கடந்தா, எனக்கும் ஹோன் அடிச்சிட்டுப் பின்னால சுத்திப் போவீங்களா?"

கத்தியை வைத்துவிட்டேன். சரியான கோபம் வந்தது, அவள் மேல்தான். பதில் இருந்தால் கோபம் வந்திருக்காது.

அடுத்த நாள் காலை, அவள் கேட்டதைக் கடவையிலேயே பார்த்துவிடலாம் என்று அவளைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனேன். பெட்டிக் கடைக்கு முன்னால் இருக்கிற மஞ்சள் கடவையில் வீல் செயாரின் முன் சில்லை இறக்கினேன். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பழகிய ஊரில் இந்த இடத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்போம். நான் இழுக்கப் போனேன். பஸ் நின்றது. அவ்வளவு பெரிய பஸ், உள்ளே நிற்க இடமில்லாமல் சனம், என் பிள்ளைக்காக நின்றது. டிரைவர் ஹோன் அடிக்கவில்லை, முறைக்கவுமில்லை, பீடாவை மென்றுகொண்டு சும்மா இருந்தார். நடு ரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லா வண்டியும் இப்படி நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை, நிற்காமல் போனவனையும் அன்றைக்கே பார்த்தேன், அவனுக்கு நல்லாய்க் கேட்கும்படி ஏசினேன். ஆனாலும் நிற்கிறதுதான் முறை என்று இந்த நாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த முறை என் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு மாஸ்டரை வைத்து ஓடுகிறபோதெல்லாம் இடது கையைக் கட்டுப்படுத்துவதே எனக்குப் பெரும்பாடு. பெருவிரல் தன்பாட்டில் ஹோனுக்குப் போகும். கடைசியில் அந்தப் பொத்தானுக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டினேன். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டாவது ட்ரையலுக்குப் பிளாஸ்டரைக் கழற்றிவிட்டுப் போனேன். அதே ஐயா. மாஸ்டர் எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். சந்தைக்குக் கிட்ட அதே கடவை. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் கடவையில் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக நின்றார். நான் நிறுத்தினேன். அந்த மனுசன் வரவும் இல்லை, போகவும் இல்லை. போனில் யாரோடோ காணி வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லொறி வந்து நின்று ஹோன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி. லொறிக்காரன் தலையை வெளியே போட்டு, பொம்பிளை ஓடினா இப்பிடித்தான் என்று கத்தினான். கண்ணாடியில் பார்த்தால், என் மாஸ்டரும் பதற்றத்தில் ஹோன் அடித்துக்கொண்டு, எடுங்க எடுங்க என்று கையைக் காட்டுகிறார்.

இன்றைக்கும் தவறவிட்டால் அடுத்த தேதிக்குள் இன்னொரு தவணை போய்விடும். எடுத்தால் பிழையா, எடுக்காவிட்டால் பிழையா என்று தெரியவில்லை. அடிக்கிறவன் அடிக்கட்டும், கத்துகிறவன் கத்தட்டும், கடவையில் ஒரு மனுசன் நிற்கும்போது தலைகீழாக நின்றாலும் நான் எடுக்கமாட்டேன் என்று இருந்துவிட்டேன். அந்த ஆள் திடீரென்று எங்களை நிமிர்ந்து பார்த்தார். வெட்கப்பட்டுக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஆறுதலாக, மெல்ல நடந்து மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பிறகுதான் கியரைப் போட்டேன்.

மைதானத்துக்குத் திரும்பியதும் ஐயா கேட்டார், பின்னால அவ்வளவு சத்தம் போட்டும் ஏன் எடுக்கல்ல என்று. "அந்தாள் கடந்து முடியல்லயே ஐயா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பாஸ் போட்டார். மாஸ்டர் ஓடி வந்து, உங்களைச் சோதிக்கத்தான் அக்கா நான் ஹோன் அடிச்சனான் என்று கூசாமல் பொய் சொன்னார். அன்றைக்கு அவருக்கும் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

லைசன் கைக்கு வந்த பிறகு வந்த திங்கட்கிழமை, மகளைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து, வீல் செயாரை மடித்துப் பக்கத்தில் கட்டினேன். மாமி கடப்பு வாசலில் நின்று பார்த்தார். மகளின் கையில் சுடச்சுட ஒரு பிட்டுப் பார்சலைத் திணித்தார். பெரிய ரோட்டால், எல்லாரும் பார்க்கப் பார்க்கத்தான் போனோம். பள்ளிக்கூடத்தில் சாய்தளத்தால் அவளைத் தள்ளிக்கொண்டு போய், வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். கீழ்த்தட்டில் வாசலோரம் இருக்கிற முதலாவது வகுப்பறை அது. ஓட்டோவில் ஏறி இருந்தபோது டீச்சர் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது ஜன்னலால் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஒரு தவணை முழுக்க ஆளில்லாத பெயர்தானே, டீச்சர் பழக்கத்தில் என் மகளின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

"டீச்சர், என்ட பேரை விட்டுட்டீங்க."

உடனே டீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்க மகள் என்று சொல்லிவிட்டு, பின்னுக்குப் போய் அவளுடைய பெயரை முழுதாக, உரக்கக் கூப்பிட்டார். அவள் அதைவிட உரக்கப் பதில் சொன்னாள். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, ஓட்டோவை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.

மகள் ஓ.எல். பாஸாகி, இப்போது அதற்கு மேலே ஏ.எல். படிக்கிறாள். இன்னும் நான்தான் ஏற்றி இறக்குகிறேன். இன்றைக்கும் கடவையில் நான் நிற்கும்போது பின்னாலிருந்து எவனாவது ஹோன் அடித்துக் கத்துவான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மேலால் தன் பெயரைக் கேட்டு வாங்கிய என் பிள்ளையின் குரல்தான் எனக்குக் கேட்கும், நான் அசையமாட்டேன்.